இந்த வருடம் பேரிடர் என் முறை

1

இந்த வருடம் எங்கள் தெருவில் பேரிடர் என் முறை.

ஓசூரில் இருக்கிற உங்களுக்கு இது விளங்காது. சொல்கிறேன். ஜப்பானின் கிழக்குக் கடலோரத்தில் நாங்கள் குடியிருக்கும் இந்தச் சிறிய ஊரில் ஒவ்வொரு பகுதிக்கும் குடியிருப்போர் சங்கம் உண்டு. வீட்டுக்கு வீடு முறைவைத்து வேலையைப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒரு வருடம் குப்பை முறை, ஒரு வருடம் திருவிழா முறை, ஒரு வருடம் வாய்க்கால் தூர்வாரும் முறை. பதினான்கு வருடத்தில் எனக்குக் குப்பை மூன்று தடவை வந்துவிட்டது. பேரிடர் மட்டும் வந்ததே இல்லை. வாயைத் திறந்தால் நான்கு தவறு செய்கிறவளிடம் உயிர் சம்பந்தப்பட்ட வேலையைக் கொடுப்பானேன் என்று தயங்கியிருப்பார்கள். நியாயம்தான்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு காலையில் சங்கத் தலைவர் மொரிதா சான் வாசலில் வந்து நின்றார். எழுபது வயதைத் தாண்டியவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு வெள்ளை ஹெல்மெட், ஒரு மெகாபோன், பச்சை நிறத்தில் மேலங்கி, ஒரு கோப்பு. இடுப்பை வளைத்து வணங்கி, "சுதேரா சான், தயவுசெய்து" என்று நீட்டினார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திய கையோடு குதித்தேன்.

"எமிலி! அம்மாவுக்குப் பேரிடர் வந்துருச்சுடீ!"

பதினான்கு வயது மகள் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "ஓ, அப்படியா" என்று ஜப்பானிய மொழியில் சொன்னாள். நான் தமிழில் கேட்பேன், அவள் அவர்கள் பாஷையில் பதில் சொல்வாள். வீட்டில் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் எமி. கடைசி எழுத்தை அவளே வெட்டி எறிந்துவிட்டாள்.

என் பெயர் ஸ்டெல்லா. இவர்கள் வாயில் அது சுதேரா, மரியாதைக்குப் பின்னால் ஒரு சான். 'சுதேரு' என்றால் இவர்கள் மொழியில் தூக்கி எறி என்று அர்த்தம். குப்பை முறை வந்த வருடங்களில் குப்பைத்தொட்டி மேல் பொறுப்பாளர் பெயரை எழுதி ஒட்டினார்கள். தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

2

இங்கே பேரிடர் வருமா என்று யாரும் கேட்பதில்லை. ஓசூர் பஸ் நிலையத்தில் பேரிகை பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி காத்திருக்கிறார்கள். வரும், நேரம்தான் தெரியாது. பெரிய நிலநடுக்கம், அதன் பின்னால் கடல். பொறுப்பேற்ற வாரத்தில் நடந்த கூட்டத்தில் மொரிதா சான் முதல் வாக்கியமாகச் சொன்னது இது: "முதல் மூன்று நாள் யாரும் வரமாட்டார்கள். நகராட்சி வராது, போலீஸ் வராது, தீயணைப்பு வண்டி வராது. மின்சாரம் இருக்காது, தண்ணீர் இருக்காது, போன் இருக்காது. நாம்தான்."

எனக்குப் புல்லரித்துப் போயிற்று. பயத்தில் இல்லை. ஒரு முழு அரசாங்கமே இல்லாமல் போகும் நாளைப் பற்றி இத்தனை அமைதியாக, டீ குடித்துக்கொண்டு பேசுகிறார்களே என்று ஒரே பரவசம்.

என்னையும் பேசச் சொன்னார்கள். எங்கள் ஊரில் இதற்கு என்ன அனுபவம் என்று கேட்டார்கள். நான் ஜூஜுவாடியைச் சொன்னேன். காவிரித் தண்ணீருக்குச் சண்டை மூண்டால் பஸ் அங்கேயே நின்றுவிடும். அந்தப் பக்கம் கர்நாடகா. நான் பெங்களூரில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஜூஜுவாடியில் இறங்கி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு அத்திப்பள்ளி வரைக்கும் நடந்து, அங்கே வேறு பஸ் பிடித்திருக்கிறேன். லாரிகள் வரிசையாக நிற்கும். தக்காளி அழுகும். ஆயிரக்கணக்கான பேர் நடுரோட்டில் நடப்பார்கள்.

"நடுவில் பாஸ்போர்ட் பார்ப்பார்களா?" என்று ஒரு அம்மாள் கேட்டார்.

"பாஸ்போர்ட் இல்லை. பேச்சைப் பார்ப்பார்கள்" என்றேன். "ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் கன்னடம். சந்தேகம் வந்தால் தெலுங்கு. நாங்கள் மூன்றையும் வைத்திருப்போம்."

அவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். எதை எடுத்தார்கள் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அவசரப் பையைப் பிரித்துப் போட்டேன். டார்ச், விசில், கையால் சுற்றும் ரேடியோ, மூன்று நாள் தண்ணீர், மருந்து, ரெசிடென்ஸ் கார்டு நகல். அதோடு பொட்டுக்கடலை மாவு, மாங்காய்த் தொக்கு, இரண்டு கிலோ கேழ்வரகு மாவு. என் கணவர் ராஜ் அச்சு வார்க்கிற கம்பெனியில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறார். பாரூர்க்காரர். வேலை முடிந்து வந்தவர் மாவுப் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏன் ஸ்டெல்லா, ஒலகமே இடிஞ்சி விழுந்து கெடக்கறப்ப நீ களி கிண்டுவியா?"

"கிண்டுவேன். நீங்க சாப்புடாம இருப்பீங்களா?"

"அதெப்படி இருக்க முடியும்? கொழம்புக்கு என்னா வெச்சிருக்க?"

இந்த ஆளோடுதான் நான் உலக முடிவைச் சந்திக்க வேண்டும்.

பையை அடுக்கும்போது வாய் தானாக முணுமுணுத்தது: செய்ரி, செய்தோன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்த்த யாரை நடுவீதியில் நிறுத்திக் கேட்டாலும் இந்த ஐந்தையும் ஜெபம் மாதிரி சொல்வார்கள். தேவையில்லாததைக் கழி, உள்ளதை அடுக்கு, துடை, அப்படியே வை, பழக்கமாக்கு. நான் இங்கே வந்த புதிதில், எனக்குத்தான் ஐந்து ஜப்பானியச் சொல் தெரியுமே என்ற திமிரில், மொழி வகுப்பில் எழுந்து நின்று, "எனக்கு செய்ரி ரொம்பப் பிடிக்கும்" என்றேன். அதே உச்சரிப்பில் மாதவிலக்குக்கும் ஒரு சொல் இருக்கிறதென்று வகுப்பு முடிந்த பிறகுதான் ஒரு நல்லவள் தனியாக அழைத்துச் சொன்னாள்.

3

பேரிடருக்குத் தயாராவதை நான் ஜப்பானில் கற்றுக்கொள்ளவில்லை. ஓசூர் சிப்காட்டில் கற்றுக்கொண்டேன். தப்பாகக் கற்றுக்கொண்டேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஒரு கம்பெனியின் டைம் ஆபீசில் வேலை. யார் எத்தனை மணிக்கு வந்தார், போனார், யாருக்கு எந்த ஷிப்ட், எல்லாம் என் பதிவேட்டில். வருடத்துக்கு இரண்டு முறை மாக் டிரில் நடக்கும். சைரன் ஊதும், எல்லோரும் கையில் உள்ளதைப் போட்டுவிட்டு மைதானத்துக்கு ஓடி வர வேண்டும். நான் பட்டியலை வைத்துத் தலை எண்ண வேண்டும்.

முதல் டிரில் மறக்கவே முடியாது. சைரன் ஊதியது. ஒருவரும் வெளியே வரவில்லை. பாதுகாப்பு அதிகாரி உள்ளே ஓடிப் பார்த்தால், இருநூறு பேர் பன்ச் மெஷின் முன்னால் வரிசையில் நிற்கிறார்கள்.

"யோவ்! நெருப்பு புடிச்சா பன்ச் பண்ணிட்டுதான் ஓடுவீங்களா?"

"பன்ச் பண்ணாம போனா அரை நாள் ஆப்சென்ட் போட்டுருவீங்களே சார்!"

அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆப்சென்ட் போடுகிறவள் நான்தான்.

அடுத்த டிரிலுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது. நான்கே நிமிடத்தில் மைதானம் நிறைந்தது. நான் பெயர் வாசித்தேன், டிக் அடித்தேன், எண்ணினேன். பதிவேட்டுக் கணக்கும் தலைக்கணக்கும் ஒன்றாக வந்தது. "டேலி, சார்!" என்று கத்தினேன். எல்லோரும் கை தட்டினார்கள். அதிகாரி பேசினார், மேனேஜர் பேசினார், மைசூர்பாகும் டீயும் கொடுத்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து உள்ளே போனோம்.

பெயிண்ட் ஸ்டோர் ஷட்டரை வாட்ச்மேன் தூக்கினார். உள்ளே இருட்டில் முனிரத்னம்மா உட்கார்ந்திருந்தாள். காண்டிராக்டில் கூட்டித் துடைக்க வருகிறவள். பேரிகைப் பக்கம் ஒரு கிராமம், வீட்டில் தெலுங்கு. சைரன் ஊதியபோது ஸ்டோரின் கடைசி மூலையில் இருந்திருக்கிறாள். விதிப்படி கரண்டை அணைத்து, விதிப்படி ஷட்டரை இறக்கிவிட்டார்கள். முக்கால் மணி நேரம் ஷட்டரைத் தட்டியிருக்கிறாள். புடவை முழுக்க வியர்வை. கை விரல் முட்டியெல்லாம் தோல் போயிருந்தது.

"ஏமக்கா, அந்தரூ யாடிக்கி போயினாரு?" என்று என்னைக் கேட்டாள். எல்லாரும் எங்கே போனீர்கள்.

டிரில் என்றேன். எண்ணினோம், கணக்கு சரியாக இருந்தது என்றேன்.

அவள் தோல் போன விரல்களைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். பிறகு கோபமே இல்லாமல் கேட்டாள்: "லெக்கலோ நேனு லேனா?"

கணக்கில் நான் இல்லையா. இல்லை. காண்டிராக்ட் ஆட்கள் என் பதிவேட்டில் கிடையாது. அவர்கள் காண்டிராக்டரின் நோட்டில் இருப்பார்கள், அந்த நோட்டு அவன் பைக் பெட்டியில் இருக்கும். அதனால்தான் அவ்வளவு அழகாக டேலி ஆனது. அவர்கள் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். "அதெல்லாம் நம்ம லிஸ்ட்டுல வராதும்மா, ஆடிட்ல கேள்வி வரும்" என்றார்கள். இரண்டாவது தடவை நான் எழுதவில்லை. கல்யாணம் ஆயிற்று, விசா வந்தது, கிளம்பிவிட்டேன். நெருப்பு நிஜமாக இருந்திருந்தால் நான் டேலி என்று கத்திய அந்த நிமிடத்தில் அவள் செத்திருப்பாள்.

4

ஆகவே மொரிதா சான் கொடுத்த கோப்பில் நான் முதலில் பார்த்தது பட்டியலைத்தான். எங்கள் பன்னிரண்டாம் குழுவில் நூற்று நான்கு பேர். யாருக்குக் காது கேட்காது, யாருக்கு இன்சுலின், யார் படுக்கையில் இருக்கிறார் என்பது வரைக்கும் இருந்தது. எனக்குக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

வீடு வீடாகப் போய்ச் சரிபார்த்து, ஒவ்வொரு பெயருக்கும் நேராக டிக் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மொரிதா சான் முகம் வெளுத்துவிட்டது. இங்கே டிக் என்றால் தப்பு. சரி என்பதற்கு வட்டம் போட வேண்டும். நம் பள்ளிக்கூடத்தில் வட்டம் போட்டால் முட்டை வாங்கினான் என்று அர்த்தம். என் தாளின்படி அந்த நூற்று நான்கு பேரும் காணாமல் போயிருந்தார்கள். விடிய விடிய உட்கார்ந்து டிக்கையெல்லாம் வட்டமாக்கினேன்.

துறைமுகத்தையொட்டி, எங்கள் குழு எல்லைக்குள் ஒரு பழைய இரண்டு மாடிக் கட்டடம் உண்டு. மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றின் விடுதி. அங்கே வியட்நாமிலிருந்து வந்த ஏழு பெண்கள் இருக்கிறார்கள், வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. அவர்களில் லின் என்கிற பெண்ணைக் கடையில் கொத்தமல்லிக் கட்டுகளின் முன்னால் சந்தித்தேன். விலையைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நெஞ்சில் கை வைத்தோம். அன்றிலிருந்து அவளுக்கு நான் அக்கா. இருபது வயது, நன்றாகச் சிரிப்பாள், பாஷை இன்னும் கடைத்தெருவைத் தாண்டவில்லை.

அந்த ஏழு பேரும் பட்டியலில் இல்லை.

ஏன் இல்லை என்று கேட்டுக்கொண்டு போனேன். அவர்கள் சங்க உறுப்பினர் இல்லை என்றது சங்கம். எங்கள் விடுதி எங்கள் பொறுப்பு என்றது ஆலை. உங்கள் பட்டியலைக் காட்டுங்கள் என்றேன். ஆலையின் பட்டியலில் அந்தந்த ஷிப்டில் வேலைக்கு வந்தவர்கள் மட்டும்தான் இருந்தார்கள். லீவில் விடுதியில் இருப்பவர்கள்? அவர்கள் அந்தப் பகுதிவாசிகள் என்றார் அதிகாரி. நகராட்சிக்குப் போனேன். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து, அவர்கள் ஆலையின் தலைமை அலுவலக முகவரியில் வேறு குழுவில் பதிவாகியிருக்கிறார்கள் என்றாள் கவுண்டரில் இருந்த பெண். மூன்று இடத்திலும் இடுப்பை வளைத்து, மன்னிப்புக் கேட்டு, மரியாதையாகச் சொன்னார்கள். ஓசூரில் எரிந்து விழுந்திருப்பார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த வருடம் எனக்கு இதுதான் வேலை என்று அன்றே முடிவு செய்தேன். என் கணக்கில் இந்த ஏழும் இருக்க வேண்டும். நான் இன்னொரு முறை பொய்க் கணக்குக்குக் கத்த மாட்டேன்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து முனிரத்னம்மா கதையைச் சொன்னேன். என் ஜப்பானிய மொழியில். ஷட்டருக்குச் சொல் கிடைக்காமல் கையால் இழுத்துக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. மொரிதா சான் சங்க விதிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "விதிமுறையில் இடமில்லை" என்றார். பிறகு, "பென்சிலில் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

கடைசிப் பக்கத்தில் ஏழு பெயரையும் பென்சிலில் எழுதினேன். நுனியை நன்றாகக் கூராக்கிக்கொண்டு, அழுத்தி எழுதினேன்.

5

வருடாந்தரப் பயிற்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. துறைமுகத் தெருவிலிருந்து மேட்டுப் பள்ளிக்கூடம் வரைக்கும் ஏற வேண்டும். எமிலி படிக்கிற பள்ளிக்கூடம் அதுதான். நான் மெகாபோனில் கத்திக்கொண்டே ஏறினேன். உற்சாகத்தில் 'ஓடுங்கள்' என்பதற்குப் பதிலாக 'நீந்துங்கள்' என்று இரண்டு தெருவுக்குச் சொல்லிவிட்டேன். எமிலி என்னைத் தெரியாதவள் மாதிரி அந்தப் பக்க நடைபாதைக்குப் போய்விட்டாள். பெரிய பானையில் சூப் காய்ச்சினோம். நான் கேழ்வரகுக் கூழும் காய்ச்சினேன். மொரிதா சான் இரண்டு கிண்ணம் குடித்தார்.

அந்த ஏழு பேரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு வேலை, செவ்வாய்தான் லீவு. பயிற்சிக்கு விடச் சொல்லி ஆலைக்கு மூன்று கடிதம் எழுதியிருந்தேன். மூன்றுக்கும் மரியாதையான பதில் வந்தது.

சரி, தாளிலாவது சொல்வோம் என்று விடுதிச் சமையலறை பிரிட்ஜில் ஒட்டுவதற்கு ஒரு அறிவிப்பு எழுதினேன். ஜப்பானியத்தில் கலந்து வரும் கடினமான சீன எழுத்து ஒன்றுகூட இல்லாமல், குழந்தைகள் படிக்கிற எழுத்தில், ஒரே ஒரு வரி. கீழே பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியை வரைபடமாகப் போட இடம் விட்டேன். எனக்குக் கோடு போட்டால் பாம்பு மாதிரி போகும். எமிலி நன்றாக வரைவாள்.

"எமிலி, இதுல ஒரு மேப் வரைஞ்சி குடும்மா. எழுதினது சரியான்னும் பாரு."

"அப்புறம்" என்றாள், ஜப்பானிய மொழியில்.

இரண்டு நாள் கேட்டேன். மூன்றாம் நாள் பொறுமை போய், வரைபடம் பின்னால் வரட்டும் என்று வெறும் வரியை மட்டும் கொண்டுபோய் ஒட்டிவிட்டேன். லின் அதை விரல் வைத்துப் படித்து, புரிந்தது என்று பலமாகத் தலையாட்டினாள். அவள் அப்படித் தலையாட்டியதில் எனக்கு ரொம்பச் சந்தோஷமாகிவிட்டது.

6

அடுத்த வாரத்துக்கு அடுத்த செவ்வாய். காலை பத்து மணி இருக்கும். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். போன் கீச்சிட்டது. அதே நொடியில் தெருக்கம்ப ஒலிபெருக்கி அத்தனையும் அலறின. பூமி ஆடியதாகவே எனக்குத் தெரியவில்லை. கடலுக்குள் எங்கேயோ தூரத்தில் பெரிதாக ஆடியிருக்கிறது, அலை வரும், உடனே வெளியேறுங்கள் என்றது குரல்.

சொன்னால் அடிக்க வருவீர்கள். எனக்கு முதலில் வந்தது ஒரு துள்ளல். நிஜம்! ஹெல்மெட்டை மாட்டினேன், மேலங்கியை மாட்டினேன், பையைத் தூக்கினேன், பட்டியலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். கேஸை அணைத்தேன். கதவைப் பூட்ட நின்றவள், பன்ச் பண்ண நிற்காதே என்று என்னையே திட்டிக்கொண்டு ஓடினேன்.

தெரு அற்புதமாக நடந்துகொண்டது. யாரும் கத்தவில்லை. படுக்கையில் இருந்த பெரியவரை இரண்டு பேர் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நான் இந்த முறை 'ஏறுங்கள், ஏறுங்கள்' என்று சரியாகவே கத்தினேன். பதினெட்டு நிமிடத்தில் பள்ளி மைதானத்தில் இருந்தோம். எமிலியின் வகுப்பு ஏற்கெனவே அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்தது. ராஜின் கம்பெனி மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. "நல்லா இருக்கேன், எண்ணு" என்று ஒரே ஒரு செய்தி வந்து சேர்ந்தது.

எண்ணினேன். வந்தவர்கள், வேலைக்குப் போயிருக்கிறவர்கள், மகள் வீட்டுக்குப் போயிருக்கிறவர்கள். யார் எங்கே என்று தெரிந்த ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வட்டம். நூற்று நான்கு வட்டம்.

பென்சில் பக்கத்தில் ஒரு வட்டமும் இல்லை.

மைதானம் முழுக்க ஓடித் தேடினேன். வேறு குழுக்களின் கூட்டத்துக்குள்ளும் போனேன். ஏழு பெண்களைப் பார்த்தீர்களா, வியட்நாம் பெண்கள். யாரும் பார்க்கவில்லை. கீழே துறைமுகம் தெரிந்தது. விடுதியின் நீலக் கூரையும் தெரிந்தது. முதல் அலைக்கு இன்னும் இருபது நிமிடம் என்றது ரேடியோ. துள்ளல் எல்லாம் காலோடு வடிந்துவிட்டது.

மொரிதா சான் வாக்கிடாக்கியோடு நின்றார். நகராட்சிக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். மற்றக் குழுக்கள் கொடுத்துவிட்டன.

"நூற்று நான்கும் சரிதானே, சுதேரா சான்?"

"நூற்று நான்கு சரி. ஏழு இல்லை."

"ஆலை அவர்களை எண்ணியிருக்கும்."

"எண்ணியிருக்காது. இன்று செவ்வாய்."

அவர் வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். இந்த நாட்டில் ஒரு பெரியவர் கையைத் தொட்டு நிறுத்துவதைப் போல் ஒரு அநாகரிகம் கிடையாது. "சொல்லாதீர்கள். எல்லோரும் இருக்கிறார்கள் என்று சொன்னால் யாரும் தேடப் போகமாட்டார்கள்" என்றேன். அதை எந்த இலக்கணத்தில் சொன்னேனோ தெரியாது. அழுதுகொண்டே சொன்னேன்.

7

லின்னின் போன் கிடைக்கவில்லை. ஆலைக்கு நான்காவது முறை கிடைத்தது. பணியில் இருக்கும் அனைவரும் பத்திரம் என்றார்கள். விடுதியில் இருப்பவர்கள் என்றேன். அவர்கள் எங்கள் கணக்கில் வரமாட்டார்களே என்று ஆரம்பித்தார் அந்த மனிதர். தமிழ், கன்னடம், தெலுங்கு எல்லாம் முட்டிக்கொண்டு வருகிறது, வேண்டிய மொழி மட்டும் வரவில்லை.

போனை யாரோ என் கையிலிருந்து பிடுங்கினார்கள். எமிலி. வரிசையை விட்டு எழுந்து வந்திருக்கிறாள். இத்தனை வருடமாக என்னிடமிருந்து அவளைப் பிரித்துக்கொண்டு போவதாக நான் நினைத்து வயிறெரிந்த அந்த மொழியில், நிமிர்ந்து நின்று பேசினாள். மரியாதைச் சொல் ஒன்றுகூடக் குறையவில்லை, ஆனால் கத்தி மாதிரி இருந்தது. ஏழு பேர் எங்கே என்று உங்களுக்குத் தெரியுமா தெரியாதா, தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லுங்கள் என்றாள். தெரியாது என்றார்கள்.

எமிலி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, அந்த பேப்பர். நான் மேப் வரையல." தமிழிலேயே சொன்னாள். "அதுல நீ என்ன எழுதுன? கரெக்டா சொல்லு."

"சைரன் கேட்டா உடனே 'தகாய்' எடத்துக்கு ஓடுங்கன்னு எழுதுனேன். ஒசந்த எடம்னு."

எமிலி வாயில் கை வைத்துக்கொண்டாள். பிறகு மைதானமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"அம்மா! தகாய்னா வெலை ஜாஸ்தின்னும் அர்த்தம்! புதுசா வந்தவங்களுக்கு அந்த அர்த்தம் மட்டும்தான் தெரியும். கடையில அதத்தான கேக்கறாங்க. நீயும் மொதல்ல அப்படித்தான் இருந்த!"

ஊரிலேயே விலை கூடின இடத்துக்கு ஓடுங்கள். நான் அதைத்தான் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

கடற்கரையில், விடுதிக்கு இரண்டு தெரு தள்ளி, ஒன்பது மாடி வெந்நீர் ஊற்று ஹோட்டல் ஒன்று இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் அதன் வாசலில் நின்று போட்டோ மட்டும் எடுத்துக்கொள்வோம். எமிலி அதன் எண்ணைத் தேடி அழுத்தினாள். எடுத்தார்கள். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். சுற்றிலும் எங்கள் குழு மொத்தமும் நெருங்கி நின்றது.

வரவேற்பாளர் ஒருவர் குரலை உயர்த்தாமல் பேசினார். ஆமாம், ஒன்பதாம் மாடி விருந்துக்கூடத்தில் பலர் இருக்கிறார்கள். ஆமாம், ஏழு வெளிநாட்டுப் பெண்கள். முதலில் ஓடி வந்தவர்கள் அவர்கள்தான். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அக்கா வரச் சொன்னார் என்று சொன்னார்கள். கட்டடம் உறுதியானது, கவலைப்படாதீர்கள்.

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். சிரிக்கிறேன், அழுகிறேன், மூக்கு வழிகிறது, ஹெல்மெட் கண்ணை மறைக்கிறது. அன்றைக்கு அலை முழங்கால் உயரத்துக்குத்தான் வந்தது, துறைமுகத்தில் நான்கு படகைப் புரட்டிவிட்டுப் போய்விட்டது. அதெல்லாம் மத்தியானத்துக்கு மேல்தான் எங்களுக்குத் தெரியும். அந்த நிமிடத்தில் எனக்கு அந்த ஒன்பதாம் மாடி போதும்.

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. மூச்சிரைக்க லின்னின் குரல்.

"அக்கா! ஏழு பேர். நான் எண்ணினேன். இரண்டு முறை எண்ணினேன். ஏழு." கொஞ்சம் நிறுத்தி, தெரிந்த சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி வைத்தாள். "அக்கா, நீங்கள் இங்கே இல்லை. பயமாக இருந்தது. உங்கள் எல்லோரையும் யார் எண்ணினார்கள்? எல்லோரும் இருக்கிறீர்களா?"

எமிலி போனை மொரிதா சான் பக்கம் நீட்டினாள். மொரிதா சான் குனிந்து, போனைப் பார்த்து இடுப்பு வளைய வணங்கினார். பிறகு வாக்கிடாக்கியை அழுத்திக்கொண்டு, அவளுக்கும் நகராட்சிக்கும் சேர்த்து ஒரே பதிலாகச் சொன்னார்.

"பன்னிரண்டாம் குழு. எல்லோரும் இருக்கிறோம். நூற்றுப் பதினொரு பேர்."